இளங்குற்றவாளிகளும் அரசும்: மசச்சூசெற்ஸ் மாநிலம் கற்ற பாடம்

குற்றஞ் செய்த சிறுவனை அரசு யாது செய்தல் வேண்டும் என்னும் வினா மிகப் பழையது. செய்தது குற்றம்; ஆதலின் தண்டித்தலே முறை என்பது ஒரு விடை. செய்தவன் சிறுவன், ஆதலின் திருத்துதலே முறை என்பது மற்றொரு விடை. நாகரிக நாடுகள் பல நெடுங்காலம் இவ்விரு விடைகளுக்குமிடையே ஊசலாடி வந்துள்ளன. அவற்றின் வரலாறுகளுள் ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் வரலாறு தனியே நோக்கத்தக்கது. அந்நாட்டில் மாநில அரசொன்று தன் பொறுப்பில் நடத்திய முதலாவது சீர்திருத்தப் பள்ளியை 1848 இல் திறந்தது அம்மாநிலமே. அதன்பின் 124 ஆண்டுகள் கழித்து அதே பள்ளியை மூடி, அத்தகைய பள்ளிகள் யாவற்றையும் கைவிடுதற்கு முதலில் முன்வந்ததும் அம்மாநிலமே. திறந்தவர்கள் நல்லெண்ணங் கொண்டு திறந்தனர். மூடியவரும் நல்லெண்ணங் கொண்டே மூடினார். அங்ஙனமாயின், இடையில் நேர்ந்த பிழை யாது? நல்லெண்ணத்தினால் அமைந்த ஒரு நிலையம் துன்பத்தின் இருப்பிடமாய் மாறியது எவ்வாறு? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு அம்மாநிலத்து வரலாற்றைத் தொடக்கத்திலிருந்தே நோக்குதல் வேண்டும்.

பிடிவாதம் என்னுங் குற்றம்

சமயப் பற்று மிகுந்த ஆங்கிலக் குடியேற்றவாசிகள் பதினேழாம் நூற்றாண்டில் மசச்சூசெற்ஸில் தமக்கென ஓர் அரசை அமைத்தனர். கிறித்தவ வேதத்தின் பழைய ஏற்பாட்டைத் தழுவியே அவர்கள் தம் சட்டங்கள் பலவற்றை வகுத்தனர். அவற்றுள் ஒன்று 1646 இல் இயற்றப்பட்டது. பதினாறு வயது நிரம்பிய மகன் ஒருவன் தாய் தந்தையரின் சொற்கேளாது, அவர்கள் கண்டித்த பின்னும் பிடிவாதத்தோடு எதிர்த்து நிற்பானாயின், பெற்றோர் அவனை நீதவான் முன் நிறுத்தலாம் என்றும், குற்றம் நிரூபிக்கப்படின் அவனுக்கு மரணதண்டனை விதிக்கலாம் என்றும் அச்சட்டம் கூறிற்று. இச்சட்டத்தின்படி எச்சிறுவனாவது கொல்லப்பட்டதற்குச் சான்று இல்லை. காலப்போக்கில் மரணதண்டனையும் நீங்கிற்று. ஆயினும் ‘பிடிவாதமுள்ள பிள்ளை’ என்னுங் குற்றம் மட்டும் அம்மாநிலத்துச் சட்டப் புத்தகத்திலிருந்து 1973 வரை நீங்கவில்லை.

முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நின்ற இச்சட்டத்தின் பொருளை ஊன்றி நோக்குதல் தகும். களவெடாத, எவரையும் அடியாத, எதனையும் உடையாத ஒரு பிள்ளை, சொற்கேளாமை ஒன்றினாலேயே நீதிமன்றுக்கு இழுக்கப்படலாம் என்பது அதன் கருத்து. பிற்காலத்தில் மாநிலச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்ட சிறுவருள் களவுக் குற்றத்துக்கு ஆளானோர் ஒரு பெருந்தொகையினராயின், பிடிவாதக் குற்றத்துக்கு ஆளானோரும் மற்றொரு பெருந்தொகையினராய் இருந்தனர். அவர்களுட் பலர் அயர்லாந்திலிருந்து பஞ்சத்தால் இடம்பெயர்ந்து வந்த ஏழைகளின் பிள்ளைகள். வறுமை எங்கே முடிகின்றது, குற்றம் எங்கே தொடங்குகின்றது என்று வரையறுத்துக் கூறுதல் அக்காலத்து நீதிமன்றுகளுக்கு எளிதாயிருக்கவில்லை.

சப்பாத்துத் தொழிலாளி ஒருவரின் தொண்டு

அரசு சீர்திருத்தப் பள்ளியை அமைப்பதற்கு ஏழாண்டுகள் முன்னரே, பொஸ்ரன் நகரத்தில் தனிமனிதர் ஒருவர் வேறொரு வழியைக் கண்டிருந்தார். அவர் பெயர் யோன் ஒகஸ்ரஸ். அவர் கற்றறிந்த சட்ட அறிஞரல்லர், அரசாங்க உத்தியோகத்தருமல்லர். சப்பாத்துத் தைப்பித்து விற்பதே அவர் தொழில். மதுவிலக்குச் சங்கமொன்றைச் சேர்ந்திருந்த அவர், 1841 ஆகஸ்ட் மாதத்தில் ஒருநாட் காலை பொஸ்ரன் பொலிஸ் நீதிமன்றில் அமர்ந்திருந்தார். கந்தலுடுத்த குடிகாரன் ஒருவன் விசாரணைக்குக் கொண்டுவரப்பட்டான். தான் திருந்த விரும்புவதாக அவன் கூறியதைக் கேட்ட ஒகஸ்ரஸ் அவனுக்குப் பிணை நின்றார். மூன்று வாரங்கள் கழித்து அவனை மீண்டும் நீதிமன்றுக்கு அழைத்து வந்தபோது, முன்னர்க் கண்டவன் இவன்தானோ என்று ஐயுறும் அளவுக்கு அவன் மாறியிருந்தான். நீதவான் அவனைச் சிறைக்கு அனுப்பவில்லை. ஒரு சதம் அபராதமும் வழக்குச் செலவும் விதித்து விடுவித்தார்.

இத்தொண்டை ஒகஸ்ரஸ் பின்னர்ச் சிறுவருக்கும் விரித்தார். 1847 இல் மட்டும் ஏழு வயது முதல் பதினைந்து வயது வரையான பத்தொன்பது சிறுவருக்கு அவர் பிணை நின்றார். அவர் கையாண்ட முறை எளியது. வழக்கு உடனே தீர்க்கப்படாது மாதந்தோறும் ஒத்திவைக்கப்படும். ஒவ்வொரு மாதமும் வழக்கு அழைக்கப்படும்போது ஒகஸ்ரஸ் நீதிமன்றில் தோன்றிச் சிறுவர் எவ்வாறு நடந்து வருகின்றனர் என்பதை எடுத்துரைப்பார். ஐந்தாறு மாதங்கள் இவ்வாறு கழியும். அத்தவணை முடிந்தபின் அச்சிறுவருட் பன்னிருவர் ஒரே நாளில் நீதிமன்றில் நிறுத்தப்பட்டனர். முதன்முறை கூண்டில் நின்ற கோலத்துக்கும் அன்றைய கோலத்துக்கும் இருந்த வேறுபாட்டை நீதவானே கண்டு மகிழ்ந்தார் என ஒகஸ்ரஸ் எழுதிவைத்துள்ளார். ஒவ்வொருவருக்கும் விதிக்கப்பட்ட அபராதம் பத்துச் சதம்.

பிணை நிற்பதோடு அவர் தொண்டு முடிந்துவிடவில்லை. சிறுவருக்கு வேலை தேடிக் கொடுத்தலும், வீடற்றோரைத் தம் இல்லத்தில் தங்கவைத்தலும், அவர்கள் பள்ளிக்குச் செல்கின்றனரா என மேற்பார்வை செய்தலும் அவர் தம் கடனாகக் கொண்டிருந்தார். இதனால் அவருடைய வியாபாரம் குன்றிற்று. நீதிமன்றுச் சேவகர் சிலர் அவரை வெறுத்தனர். கைதி ஒருவன் சிறைக்குச் சென்றாலே அவர்களுக்குக் கட்டணம் கிடைக்கும். ஒகஸ்ரஸ் பிணை நின்றால் அக்கட்டணம் இல்லாது போகும். இவ்வளவு இடையூறுகளின் நடுவிலும் 1858 வரையில் ஆடவர், மகளிர், சிறுவர் என 1,946 பேருக்கு அவர் பிணை நின்றிருந்தார். அடுத்த ஆண்டில் அவர் காலமானார். அரசு அவருக்கு ஒரு சதமேனும் ஊதியமாக வழங்கியதில்லை.

வெஸ்ற்பறோப் பள்ளி

ஒகஸ்ரஸ் நகரத்தில் தனித்துத் தொண்டாற்றிய அதே காலத்தில், மாநில அரசு வேறொரு பாதையிற் சென்றது. வளர்ந்தோருக்குரிய சிறையிற் சிறுவரை அடைத்தல் தகாது என்பதை அக்காலத்து அறிஞர் பலரும் உணர்ந்திருந்தனர். பழைய கள்வரோடு கூடியிருக்கும் சிறுவன் வெளியே வரும்போது தேர்ந்த கள்வனாகவே வருவான் என்பது எவரும் அறிந்த உண்மை. ஆகவே சிறுவருக்கெனத் தனிப் பள்ளியொன்றை அமைப்பதற்கு 1847 இல் மாநிலச் சட்டசபை சட்டமியற்றிற்று. பொஸ்ரன் நகரத்தின் முன்னாள் முதல்வர் தியோடோர் லைமன், தம் பெயரை வெளியிடாது இதற்கு நன்கொடை வழங்கினார். 1849 இல் அவர் இறந்தபோது மரணசாதனத்தின் மூலம் மேலும் 50,000 டொலர் இப்பள்ளிக்குச் சேர்ந்தது. பிற்காலத்தில் இப்பள்ளி அவர் பெயரையே பெற்றது.

வெஸ்ற்பறோ என்னும் ஊரில், நகரத்தின் தீயொழுக்கங்களுக்கு எட்டாத தொலைவில், பள்ளி எழுந்தது. கல்வி, சமயபோதனை, தோட்ட வேலை, கைத்தொழில் ஆகிய நான்கினாலும் சிறுவரைத் திருத்தலாம் என அதனை அமைத்தோர் நம்பினர். நற்குணம் காட்டிய சிறுவர் வளர்பருவம் எய்தும்வரை கமக்காரரிடமோ தொழிலாளரிடமோ ஒப்பந்தத்தின்படி தொழில் பயிலவும் அனுப்பப்பட்டனர். தண்டனையன்று, கல்வியே நோக்கம் என்று கூறப்பட்டது. சொல்லளவில் அது பள்ளியேயாம்.

ஆனால் அக்கட்டடம் முந்நூறு சிறுவருக்கெனக் கட்டப்பட்டது. விரைவிலேயே அதன் பரப்பு இரட்டிக்கப்பட்டது. சிறுவர் தொகையும் அதற்கேற்பப் பெருகிற்று. பல நூறு சிறுவரைச் சில உத்தியோகத்தர் ஆள்வதாயின், ஒழுங்கு ஒன்றே முதன்மை பெறும். ஒழுங்கைக் காப்பதற்கு மௌனமும் வரிசையும் வேண்டப்படும். அவற்றைக் காப்பதற்குத் தண்டனை வேண்டப்படும். தண்டனை மிகும்போது எதிர்ப்பும் மிகும். 1859 இல் சிறுவர் பள்ளிக்குத் தீ வைத்தனர். கட்டடத்தின் பெரும்பகுதி எரிந்தொழிந்தது. 1877 இல் சிறுவர் கலகம் செய்தனர். அதன்பின் நடைபெற்ற விசாரணையில், சிறுவரை அசைய இடமில்லாத பெட்டிக்குள் நிறுத்திவைத்தல் முதலிய கொடுந்தண்டனைகள் கையாளப்பட்டமை வெளிவந்தது. சிறையின் தீமையிலிருந்து காப்பதற்கெனத் தோன்றிய பள்ளி, முப்பது ஆண்டுகளுக்குள் தானும் ஒரு சிறையாகிவிட்டது.

இப்பள்ளியின் குறைகளை அரசு காணாதிருந்ததென்று கூறமுடியாது. சிறுமியருக்கென 1856 இல் லங்காஸ்ரரில் மற்றொரு பள்ளி திறக்கப்பட்டபோது, ஒரே பெருங்கட்டடத்துக்குப் பதிலாகச் சிறு இல்லங்கள் அமைக்கப்பட்டன. ஒவ்வோர் இல்லத்துக்கும் தாய் போன்ற ஒரு மாது பொறுப்பாயிருந்தார். அக்காலத்துக்கு அது புரட்சியான ஏற்பாடு. எனினும் ஆண்டுகள் செல்லச் செல்ல அவ்வில்லங்களிலும் பூட்டும் விதியுமே மேலோங்கின. கட்டடத்தின் வடிவை மாற்றிய அளவில் அதன் இயல்பு மாறிவிடவில்லை.

ஹவ் விடுத்த எச்சரிக்கை

இவ்வுண்மையை நூறாண்டு முன்னரே தெளிவாகக் கண்டவர் வைத்தியரான சாமுவேல் கிரிட்லி ஹவ். கண்பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டிய பொஸ்ரன் நகரத்துப் பேர்க்கின்ஸ் நிலையத்தின் முதல் அதிபராய்ப் புகழ் பெற்றவர் அவர். 1865 தொடக்கம் 1874 வரை மாநில அறநிலையச் சபையின் தலைவராகவும் அவர் விளங்கினார். ஒத்த குறைபாடுடையோரை ஒரே கூரையின் கீழ்ப் பெருந்தொகையாகத் திரட்டுதல் அக்குறைபாட்டை வளர்க்குமேயன்றி நீக்காது என்பது அவர் கொண்ட கொள்கை. குற்றம் புரிந்த சிறுவரைக் குற்றம் புரிந்த சிறுவரோடு சேர்த்து வைத்தலாகாது. நல்ல குடும்பங்களிடையே பரவலாக வைத்தல் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். பெருநிலையங்களை ஒருமுறை கட்டிவிட்டால் அவற்றைப் பின்னர் அகற்றுதல் அரிது என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

அவருடைய கொள்கை ஓரளவுக்குப் பயனளித்தது. 1869 இல் இயற்றிய சட்டத்தின்படி, சிறுவர் மீது வழக்குத் தொடரப்படும்போது மாநில முகவர் ஒருவருக்கு அறிவித்தல் வேண்டும் என்னும் விதி ஏற்பட்டது. அம்முகவர் சிறுவரின் நிலையை விசாரித்து நீதிமன்றில் அவர்கள் சார்பிற் பேசலாம். பள்ளிக்கு அனுப்பாது குடும்பமொன்றிடம் ஒப்படைக்குமாறு பரிந்துரைக்கலாம். ஒப்படைத்த பின் அங்கே சென்று பார்வையிடலாம். இதன் பயனாகப் பல சிறுவர் வெஸ்ற்பறோ செல்லாது தப்பினர். ஆயினும் பள்ளி மூடப்படவில்லை. 1880 களில் அது அதே ஊரில் வேறோரிடத்துக்கு மாற்றப்பட்டு, சிறு இல்லங்களாக அமைக்கப்பட்டு, லைமன் ஆண்கள் பள்ளி என்னும் புதுப் பெயரோடு தொடர்ந்து நடைபெற்றது.

நன்னடத்தை முறையும் சிறுவர் நீதிமன்றும்

ஒகஸ்ரஸ் தம் செலவில் ஆற்றிய தொண்டை, அவர் மறைந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து அரசு தனதாக்கிக் கொண்டது. ஊதியம் பெறும் நன்னடத்தை அலுவலர் ஒருவரைப் பொஸ்ரன் நகர முதல்வர் நியமிப்பதற்கு 1878 இல் மாநிலச் சட்டம் இடமளித்தது. 1891 இல் இம்முறை மாநிலம் முழுவதற்கும் உரியதாயிற்று. பொஸ்ரனிற் கண்ட முறை இங்கிலாந்தையும் எட்டியது. அங்கே 1887 இலும் 1907 இலும் இதற்கெனச் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவ்வழியாகவே இது இலங்கைக்கும் வந்தது. இலங்கையில் 1939 ஆம் ஆண்டின் சிறுவர், இளையோர் கட்டளைச் சட்டம் சிறுவர் நீதிமன்றுகளுக்கு வழிசெய்தது. 1944 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் நன்னடத்தை முறையை நிலைநாட்டிற்று. இன்று இந்நாட்டு நீதிமன்றுகளில் நன்னடத்தை அலுவலர் ஒருவர் சிறுவனொருவனைப் பற்றி அறிக்கை சமர்ப்பிக்கும்போது, பொஸ்ரன் நகரத்துச் சப்பாத்துத் தொழிலாளி மாதந்தோறும் எழுந்து நின்று உரைத்த வாய்மொழி அறிக்கையே அங்கு தொடர்கின்றது எனலாம்.

1899 இல் இலினோய் மாநிலம் சிக்காகோ நகரத்தில் முதலாவது சிறுவர் நீதிமன்றை நிறுவிற்று. பொஸ்ரன் நகரத்திலும் அத்தகைய நீதிமன்று 1906 இல் அமைந்தது. அதன் முதல் நீதவானாகிய ஹார்வி பேக்கர், நோயாளியின் உடலை வைத்தியர் ஆராய்வது போலச் சிறுவனின் வாழ்க்கையை நீதவான் ஆராய்தல் வேண்டும் என்னும் கருத்துடையவர். அவர் 1915 இல் இறந்தபின், அவர் நினைவாக உளவியல் ஆராய்ச்சி நிலையமொன்று 1917 இல் நிறுவப்பட்டது. அதனை நடத்துதற்குச் சிக்காகோவிலிருந்து வில்லியம் ஹீலி என்னும் அறிஞர் வரவழைக்கப்பட்டார். அறிவியல் துணைநிற்க, இனி எச்சிறுவனும் திருந்துவான் என்னும் நம்பிக்கை எங்கும் நிலவிற்று.

அந்நம்பிக்கைக்கு 1934 இற் பேரிடி விழுந்தது. ஹாவாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷெல்டன் குளூக், எலினோர் குளூக் என்னும் தம்பதியர், பொஸ்ரன் சிறுவர் நீதிமன்றிலிருந்து அந்நிலையத்துக்கு அனுப்பப்பட்ட 1,000 சிறுவரின் பிற்கால வாழ்க்கையை ஆராய்ந்து நூலொன்றை வெளியிட்டனர். ஐந்தாண்டுகளுக்குள் அவர்களுள் நூற்றுக்கு 88 பேர் மீண்டும் குற்றஞ் செய்திருந்தனர். நீதவான் நல்லவர், உளவியலார் அறிஞர், அறிக்கைகள் நுணுக்கமானவை. ஆயினும் சிறுவர் அறிக்கையில் வாழ்வதில்லை. தெருவிலும் வீட்டிலும் வாழ்கின்றனர். ஆராய்ந்து கூறிய பரிந்துரையை நடைமுறைப்படுத்துதற்கு வேண்டிய மனிதரும் வசதிகளும் போதியனவாயிருக்கவில்லை. நோயை அறிதல் வேறு. நோயாளியின் அருகிருந்து பேணுதல் வேறு.

மூடப்பட்ட பள்ளிகள்

1960 களின் இறுதியில் மாநிலப் பள்ளிகளிற் சிறுவர் அடிக்கப்படுகின்றனர், தனியறைகளில் அடைக்கப்படுகின்றனர் என்னும் முறைப்பாடுகள் மலிந்தன. விசாரணைகள் நடந்தன. 1969 இற் சட்டசபை பழைய நிருவாகத்தை மாற்றி, இளைஞர் சேவைத் திணைக்களம் என்னும் புதிய அமைப்பை ஏற்படுத்திற்று. ஆளுநர் பிரான்சிஸ் சார்ஜன்ற், ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்திற் சமூகசேவைத் துறைப் பேராசிரியராயிருந்த ஜெரோம் மில்லரை அதன் ஆணையாளராக நியமித்தார்.

பள்ளிகளை மூடும் எண்ணத்தோடு மில்லர் வரவில்லை. அவற்றைத் திருத்தலாம் என்றே முதலில் எண்ணினார். சிறுவரின் தலைமயிரை ஒட்ட வெட்டுதலும் மௌனமாய் வரிசையில் நடக்கச் செய்தலும் அவர் கட்டளையால் நிறுத்தப்பட்டன. அடித்தல் தடைசெய்யப்பட்டது. சிறுவரும் ஊழியரும் ஒருங்கே அமர்ந்து குறைகளைப் பேசித் தீர்க்கும் முறையைப் புகுத்த முயன்றார். அதன்பொருட்டு மக்ஸ்வெல் ஜோன்ஸ் என்னும் உளநோய் வைத்தியரை வரவழைத்து ஊழியருக்குப் பயிற்சியளிக்கச் செய்தார். ஆனால் பழகிப்போன முறைகள் எளிதில் மாறவில்லை. ஊழியருட் பலர் கெட்டவர்களல்லர். எனினும் அவர்களுடைய தொழிலும் பதவியும் பழைய ஒழுங்கையே பற்றி நின்றன. ஆணையாளர் ஒருவர் வருவார், போவார். பள்ளி நிலைத்திருக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். மில்லரும் அதனை உணர்ந்தார். நூறாண்டுகளாய்ப் பலமுறை திருத்தப்பட்ட பள்ளி ஒவ்வொரு முறையும் தன் பழைய நிலைக்கே திரும்பியிருந்தது. தாம் விலகியபின் இம்முறையும் அவ்வாறே நேரும் என்று அவர் முடிவு செய்தார்.

1970 இல், கடுமைக்குப் பேர்போன பிறிட்ஜ்வோட்டர் நிலையம் மூடப்பட்டது. அதன்பின் ஷேர்லி கைத்தொழிற் பள்ளி மூடப்பட்டது. 1972 ஜனவரி மாதத்தில் லைமன் பள்ளியின் முறை வந்தது. ஏறத்தாழ நூறு சிறுவர் மோட்டார் வண்டிகளில் ஏற்றப்பட்டு, அமேர்ஸ்ற் நகரிலுள்ள மசச்சூசெற்ஸ் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அங்கே ஒரு மாதம் அவர்கள் பல்கலைக்கழக மாணவரோடு விடுதியில் தங்கினர். சிறுவன் ஒவ்வொருவனுக்கும் மாணவர் ஒருவர் துணைவராக நியமிக்கப்பட்டார். அம்மாதத்துக்குள் அவனுக்கு ஏற்ற வீடு, குழு இல்லம், பள்ளி, வேலை என்பன தேடப்பட்டன. பன்னெடுங்காலமாய் வரிசையாய் நடந்து பழகிய சிறுவர், மாணவரோடு ஒரே மேசையில் உணவருந்தினர். அவர்கள் பின்னர் லைமன் பள்ளிக்குத் திரும்பவில்லை. லங்காஸ்ரர் பெண்கள் பள்ளி மட்டும் சிலகாலம் நீடித்து 1975 இல் மூடப்பட்டது.

பள்ளிகளை நம்பி வாழ்ந்த ஊர்களிலும் ஊழியரிடையிலும் பெருங்கண்டனம் எழுந்தது. அபாயமான சிறுவரை அரசு தெருவில் விட்டுவிட்டது என்று பலர் கூறினர். இது முற்றும் உண்மையன்று. பிறருக்குத் தீங்கு விளைப்பார் எனக் கருதப்பட்ட சிலருக்கெனச் சிறு காவல் விடுதிகள் வைத்துக்கொள்ளப்பட்டன. ஏனையோர் வளர்ப்புக் குடும்பங்களிலும் குழு இல்லங்களிலும் பகற் பயிற்சி நிலையங்களிலும் சேர்க்கப்பட்டனர். சிலர் மேற்பார்வையுடன் தம் வீடுகளிலேயே விடப்பட்டனர். மில்லர் 1973 ஜனவரியிற் பதவியினின்றும் விலகினார். அவருக்குப் பின் வந்தோர் எவரும் அப்பழைய பள்ளிகளை மீண்டும் திறக்கவில்லை.

ஆராய்ச்சி உணர்த்திய உண்மை

இச்சீர்திருத்தத்தின் பயனை ஹாவாட் சட்டக் கல்லூரியைச் சேர்ந்த லொயிட் ஓலின் தலைமையில் ஒரு குழுவினர் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். அவர்கள் கண்ட முடிவு, சீர்திருத்தத்தை ஆதரித்தோருக்கும் எதிர்த்தோருக்கும் ஒருங்கே பாடமாய் அமைந்தது. மாநிலம் முழுவதையும் ஒன்றாக நோக்குமிடத்து, மீண்டும் குற்றஞ் செய்தோரின் வீதம் பள்ளிகள் மூடப்பட்டதாற் குறைந்துவிடவில்லை. ஆகவே மதிலை இடித்த அளவிற் சிறுவர் திருந்திவிடுவர் என்று எண்ணியோர் ஏமாற்றமடைந்தனர். ஆயினும் மாநிலத்தின் பகுதிகளைத் தனித்தனியே நோக்கியபோது வேறோர் உண்மை புலப்பட்டது. எப்பகுதிகளில் பலதிறப்பட்ட இல்லங்களும் சேவைகளும் நன்கு அமைக்கப்பட்டிருந்தனவோ, அப்பகுதிகளில் மீண்டும் குற்றஞ் செய்தோர் குறைந்திருந்தனர். அத்தகைய ஏற்பாடு குன்றியிருந்த பகுதிகளிற் பயனும் குன்றியிருந்தது. சிறுவன் தன் குடும்பத்தோடும் பள்ளியோடும் அயலாரோடும் எத்துணை நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தான் என்பதே பெரும் வேறுபாட்டை விளைத்தது.

மூடுதல் பாதி வேலை. மூடிய இடத்தில் வேறொன்றைக் கட்டுதல் மறுபாதி. முதற்பாதியை ஓர் ஆணையாளர் தம் துணிவினால் ஓரிரு ஆண்டுகளிற் செய்து முடிக்கலாம். இரண்டாம் பாதிக்கு ஒவ்வோர் ஊரிலும் பொறுமையுள்ள மனிதர் பலர் வேண்டும். ஆண்டுதோறும் அரசின் பணமும் வேண்டும். பின்னர் வந்த ஆண்டுகளில் மசச்சூசெற்ஸ் சிலவேளை முன்னும் சிலவேளை பின்னுமாய்ச் சென்றது இதனாலேயாம். கொடுங்குற்றங்கள் பற்றிய அச்சம் பரவியிருந்த 1996 இல், பதினான்கு வயதினர் மீது கொலைக் குற்றஞ் சாட்டப்படின் வளர்ந்தோரைப் போலவே விசாரித்தற்குச் சட்டமியற்றப்பட்டது. அச்சம் தணிந்தபின், 2013 இல், பதினேழு வயதினரும் சிறுவர் நீதிமன்றின் எல்லைக்குட் கொண்டுவரப்பட்டனர். 2018 இல், குற்றஞ் சாட்டப்படக்கூடிய குறைந்த வயது ஏழிலிருந்து பன்னிரண்டாக உயர்த்தப்பட்டது. ஒகஸ்ரஸ் 1847 இற் பிணை நின்று மீட்ட ஏழு வயதுச் சிறுவனை அம்மாநிலத்தில் எவரும் இனி நீதிமன்றில் நிறுத்தமுடியாது.

முடிவுரை

இவ்வரலாறு உணர்த்துவது யாது? சீர்திருத்தப் பள்ளியைக் கட்டியோர் கொடியவரல்லர். லைமன் தம் செல்வத்தை வழங்கினார். சட்டசபையினர் சிறுவரைச் சிறையிலிருந்து காக்க விரும்பினர். பிழை அவர்தம் உள்ளத்திலன்று. அவர்கள் தெரிந்த கருவியில் இருந்தது. பெருந்தொகையான சிறுவரை ஓரிடத்திற் குவித்தால், அவர்களைத் திருத்துவதிலும் பார்க்க ஆள்வதே பெரிதாகிவிடும். ஊருக்கு அப்பால் மதிலெழுப்பினால், உள்ளே நடப்பது வெளியார் கண்ணுக்கு மறைந்துவிடும். பல குடும்பங்கள் ஒரு நிலையத்தை நம்பிச் சீவிக்கத் தொடங்கினால், அந்நிலையம் சிறுவர்க்காக என்பது மாறி, சிறுவர் அந்நிலையத்துக்காக என்றாகிவிடும். மதிலுக்குள் வரிசை தவறாது நடக்கக் கற்ற சிறுவன், மதிலற்ற தெருவில் எவ்வாறு நடப்பது என்பதைக் கற்றவனல்லன்.

இதற்கு மாறாக ஒகஸ்ரஸ் கண்ட முறையில் ஐந்து கூறுகள் இருந்தன. சிறுவன் தன் ஊரிலேயே இருந்தான். அவனை அறிந்த ஒருவர் அவனுக்குப் பொறுப்பாயிருந்தார். அவன் செய்தற்கு ஒரு வேலையோ கற்றற்கு ஒரு பள்ளியோ இருந்தது. மாதந்தோறும் அவன் நிலை வெளிப்படையாய் நீதிமன்றில் உரைக்கப்பட்டது. இவை யாவற்றுக்கும் முடிவான ஒரு தவணை இருந்தது. பிற்காலத்து ஆராய்ச்சியாளர் பெருமுயற்சி செய்து கண்ட முடிவுகளும் பெரும்பாலும் இக்கூறுகளையே வலியுறுத்துகின்றன. அரசு இம்முறையைச் சட்டமாக்கலாம், அலுவலரை நியமிக்கலாம், ஊதியம் வழங்கலாம். ஆனால் ஓர் அலுவலரிடம் நூற்றுக்கணக்கான சிறுவரை ஒப்படைக்குமாயின், மதிலில்லாத மற்றொரு வெஸ்ற்பறோவையே அது கட்டியதாகும். அங்கே சிறுவனை அறிந்தவர் எவருமில்லை. அவனுடைய கோவை மட்டுமே உண்டு.

குற்றஞ் செய்த சிறுவன் நீதிமன்றுக்கு வருமுன் பள்ளியொன்றில் இருந்தவன், அங்கே வரவு குறைந்தவன், பின்வாங்கில் இருந்தவன், ஒருநாள் பெயர் வெட்டப்பட்டவன். அவனை முதலிற் காண்பவர் நீதவானல்லர், ஆசிரியரும் அயலாருமேயாவர். 1847 இல் அப்பன்னிரு சிறுவரும் பத்துச் சதம் அபராதத்தோடு விடுபட்டது சட்டத்தின் இரக்கத்தினால் மட்டுமன்று. அவர்களைப் பற்றிக் கூறுதற்கு நீதிமன்றில் ஒருவர் இருந்தார். அவர்களை அவர் நன்கறிந்திருந்தார்.